மிக்ஸிங் சந்து

எங்கள் சந்து ஒரே ஒரு நாள் மட்டும் கடையே இல்லாத, அமைதியான, கௌரவமான குடியிருப்பாக வேஷம் போட்டது. வேஷம் கட்டிவிட்டவர் அம்மாவின் அண்ணனான என் மாமா. வீட்டில் எந்தக் குழப்பம் நடந்தாலும் மாமாதான் காரணம் என்று சொல்வது எங்களுக்குப் பழக்கம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் அந்த நாளை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் பெருமையும்தான் வருகின்றன.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெடுக மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்களுடையது முட்டுச்சந்து. ஒரு முனை கடற்கரைப் பக்கத்துச் சாலையில் திறக்கும். மறுமுனையில் பழைய குடோனின் சுவர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஸ்டேஷன் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. கம்பி வெட்டும் சத்தமும் கிரேனின் மணிச்சத்தமும் எங்கள் வீட்டுக்குள்ளேயே கேட்கும். ஆனால் அங்கே போக வேண்டுமானால் சந்தின் இந்த முனைக்கு வந்து, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை வழியாக ஒரு பெரிய சுற்று சுற்ற வேண்டும்.

சந்தில் எது வீடு, எது கடை என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மாமாவின் மனைவியான என் அத்தை, எங்கள் முன்னறையில் காலையில் இட்லி விற்பாள். மத்தியானம் அதே அறையில் ஜாக்கெட் தைப்பாள். சாயங்காலமானால் தையல் மெஷினை ஓரம் தள்ளிவிட்டு மீன் வறுப்பாள். எதிர்வீட்டு முன்கட்டில் சலூன். அதற்கு அடுத்தது சைக்கிள் கடை, அதன் மாடியில் டியூஷன். மாதா படத்துக்குக் கீழே மேஜை போட்டு ஓர் அக்கா செல்போன் ரீசார்ஜ் செய்துகொண்டிருப்பாள். சந்து முனையில் டீக்கடை. பள்ளி விட்டு வருகிற என்னை இத்தனை பேரும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அது எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

அப்பா தங்குகடல் தொழிலுக்குப் போகிறவர். கரையில் இருப்பதைவிடத் தண்ணீரில் இருப்பதுதான் அதிகம். அம்மா கிண்டிப் பக்கம் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். நான் விழிப்பதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். பாரிமுனையில் பஸ் மாறி, நெரிசலில் நசுங்கி, திரும்பி வரும்போது நான் தூங்கியிருப்பேன். ஒரு நாள் இருட்டில் அம்மா நடந்து வந்தபோது டிரெய்லர் லாரி ஒன்று ஆள் வருவதைப் பார்க்காமல் பின்னால் எடுத்திருக்கிறது. செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். செருப்பு அறுந்துவிட்டது என்று மட்டும்தான் எங்களிடம் சொன்னாள். அத்தை விடவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டு உண்மையை வாங்கிவிட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அம்மா வருவதற்குள் தூங்கிவிடக் கூடாது என்று தினமும் முடிவு செய்வேன், தினமும் தூங்கிவிடுவேன்.

அந்தக் குடோன் சுவரை உடைத்து வழி விடப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியது. ஸ்டேஷன் படியிலிருந்து ஜனங்கள் நடந்து வருவதற்கு ஒரு பாதை போடப்போகிறார்களாம். அது எங்கள் சந்து வழியாக வரலாம். அல்லது அடுத்த தெரு வழியாகப் போகலாம். அடுத்த தெரு நேரானது, அகலமானது. இரண்டு பக்கமும் உயரமான காம்பவுண்டுச் சுவர்கள், கேட்டுக்குக் கேட்டு கார். மூளையுள்ள யாரும் அதைத்தான் பிடிப்பார்கள் என்று சந்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே, “இங்க மட்டும் வழி வுட்டாங்கன்னா நீ முழிச்சிகினு கீறப்பவே வந்துடுவேன்” என்றாள். அதற்குப் பிறகு பள்ளிக்குப் போகும்போது தினமும் அந்தச் சுவர் வரை போய், அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவேன்.

பாதையைத் தீர்மானிக்க வந்தது ஓர் இளவயது மேடம். கழுத்தில் அடையாள அட்டை, தலையில் தொப்பி, கையில் சுருட்டிய வரைபடம். கூட ஓர் உதவியாளர். இரண்டு பேரும் நெடுஞ்சாலையோரத்து டீக்கடை ஒன்றில் நின்று பேசியதை, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமா கேட்டிருக்கிறார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார்.

“இன்னாமே, காரியம் கெட்டுது. நம்ம சந்து ஃபுல்லா மிக்ஸிங்காம். வூடும் கடையும் கலந்து கீதாம். நாளைக்கு வந்து மார்க் பண்ணப் போறாங்களாம்.”

மாமாவை இதில் குறை சொல்ல முடியாது. அவர் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். அந்தத் தொழிலில் மிக்ஸிங் என்றால் ஒரே அர்த்தம்தான்: டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது. மிக்ஸிங் கேஸில் மாட்டிப் புழல் ஜெயிலுக்குப் போன ஒரு டிரைவரை அவருக்கு நன்றாகத் தெரியும். மேடம் சொன்னது ‘மிக்ஸட் யூஸ்’, அதாவது குடியிருப்பும் வியாபாரமும் சேர்ந்த இடம். மாமாவின் காதில் விழுந்தது மிக்ஸிங். கடைக்கென்று தனி மீட்டர் வாங்காமல், வீட்டுக் கரண்டில்தான் எங்கள் தையல் மெஷினின் மோட்டார் ஓடியது. சந்தில் பாதிப் பேர் கதை அதுதான். ஆகவே மாமா சொன்னதை எல்லோரும் அப்படியே நம்பிவிட்டார்கள். கலந்திருப்பதுதான் குற்றம் என்றால், கலந்ததில் ஒன்றை எடுத்துவிட்டால் போதும் என்று மாமா கணக்குப் போட்டார். வீட்டை எடுக்க முடியாது. கடையை எடுத்துவிடலாம்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. விடிந்ததும் மாமா தலைமையில் வேலை தொடங்கியது. இட்லிக் குண்டான் மொட்டை மாடிக்குப் போயிற்று. மெஷின் மேல் போர்வையைப் போட்டு, அதன் மேல் டிவியை வைத்தோம். சாயங்காலத்துக்காக மசாலா தடவிய மீனை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அத்தையின் பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைத்தது நான்தான். சலூன் நாற்காலியை அசைக்க முடியவில்லை. அதில் சலூன்காரரின் மாமனாரை உட்காரவைத்துக் கம்பளி போர்த்தி, உடம்பு சரியில்லாதவர் மாதிரி முனகச் சொன்னார்கள். அவர் அதை மிகவும் ரசித்துச் செய்தார். சைக்கிள் கடையில் டயர் தொங்கிய கொடியில் ஈரப் புடவைகளைக் காயப்போட்டார்கள். டீக்கடை பாய்லரை வெந்நீர்ப் பாத்திரம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவானது. ரீசார்ஜ் அக்கா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி, ஜெபமாலையோடு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். மேஜைக்கு அடியில் போன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

மேடம் வந்தபோது சந்து கப்சிப் என்று இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை, சத்தம் இல்லை. வரைபடத்தையும் சந்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, சுவர் வரை போய்த் திரும்பி வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. எங்கள் வாசலில் நின்றிருந்த அத்தையிடம், போன வாரம் இங்கே கடைகள் இருந்தனவே என்று கேட்டாள். இல்லவே இல்லை, இது முழுக்க வீடுதான் என்று அத்தை சொன்னாள். ஒரு டீயாவது கிடைக்குமா என்று மேடம் கேட்டாள். சந்தில் டீ என்ற பொருளையே யாரும் பார்த்ததில்லை என்பது போல அத்தை முழித்தாள். வெயிலில் வந்த பெண்ணுக்கு ஒரு டீ கொடுக்க முடியாமல் அத்தை பட்ட அவஸ்தை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மேடம் உதவியாளரைப் பார்த்து, சரி, அடுத்த தெருவையே போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

அடுத்த தெரு என்றால் சுவர் அப்படியே இருக்கும். அம்மா அந்த லாரிகளுக்கு நடுவிலேயே வரவேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் மாமா ஜெயிலுக்குப் போய்விடுவார். அம்மாவா மாமாவா என்று நான் நடுவில் நின்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் குடோன் சுவரின் மேல் ஒரு மஞ்சள் ஹெல்மெட் முளைத்தது.

ஸ்டேஷன் கட்ட பீகாரிலிருந்து வந்திருந்த பையன் அவன். தினமும் அந்த நேரத்துக்குச் சுவர் ஏறிக் குதித்து, கூட்டாளிகளுக்கும் சேர்த்து அத்தையிடம் இட்லி வாங்கிப் போவான். அன்றும் தூக்குவாளியோடு குதித்தான். நேராக எங்கள் வாசலுக்கு வந்தான்.

“அக்கா, இட்லி.”

இங்கே இட்லி கிடையாது, இது வீடு என்று அத்தை கண்ணைக் காட்டினாள். அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தான். டிவிக்குக் கீழே போர்வையிலிருந்து எட்டிப் பார்த்த தையல் மெஷினின் காலைக் காட்டி, “அக்கா, கடை எங்கே?” என்றான்.

மேடம் அவனையும் சுவரையும் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்லியிருப்பார்கள். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“கடைதான் மேடம். ஆனா நான் எதையும் கலக்கறதில்ல. மாவு என் கண்ணு முன்னாடி அரைச்சது. எண்ணெ அன்னன்னிக்கு வாங்கறது. மிக்ஸிங்னு எவனோ தப்பா சொல்லிகீறான்.”

மேடத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, எங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நாங்க தேடறதே இதைத்தாங்க. வீடும் கடையும் கலந்திருந்தா தெருவுல எப்பவும் யாராவது இருப்பாங்க. ஸ்டேஷன்ல இறங்கினவங்க தைரியமா நடந்து வருவாங்க. அந்தத் தெருவுல எவ்வளவு நேரம் நின்னேன், கேட்டுக்கு வெளியே ஒரு முகத்தைக் காணோம். அங்க போறதுக்கு யாராவது சுவர் ஏறிக் குதிப்பாங்களா?”

இதைக் கேட்டதும் கதவுக்குப் பின்னாலிருந்து மாமா வெளியே வந்தார். “அதான்மே நான் அப்பவே சொன்னேன், நம்ம சந்து மாதிரி வராதுன்னு” என்றார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் டீசல் பற்றிக்கொண்டிருக்கும். அடுத்த சில நிமிடங்களில் என் சந்து செய்த காரியத்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். புடவைகள் இறங்கின, டயர்கள் தெரிந்தன. பாய்லர் சீறியது. ரீசார்ஜ் அக்கா ஆமென் சொல்லிவிட்டு போனை எடுத்தாள். மாமனார் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் முனகிவிட்டு மனமில்லாமல் எழுந்தார். மேடத்துக்கு டீ வந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த மீனும் சட்டியில் வறுபட்டு வந்தது. காலி டப்பா மாதிரி கிடந்த இடம் கண் முன்னால் உயிர் பெற்று எழுந்ததைப் பார்த்து, இவ்வளவு பேரும் இவ்வளவு வேலையும் இங்கேயா இருந்தன என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மீனைத் தின்றுகொண்டே மேடம் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டாள். கடையை எப்போது மூடுவீர்கள் என்பதுதான் அது. எளிய கேள்வி. அத்தை சொன்னாள்: “எங்க நாத்தனாரு வந்தப்புறம்.” சலூன்காரர், மாடி டியூஷன் பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு என்றார். டீக்கடைக்காரர், மாமாவின் லாரி ஷெட்டுக்கு வந்து அவர் ஒரு டீ குடித்த பிறகு என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கடிகாரம் பார்க்கச் சொல்லித் தந்திருந்தார்கள். படித்த பெண் ஒருத்தி வந்து நேரத்தைக் கேட்டால், ஒருத்தருக்கும் மணி சொல்லத் தெரியவில்லையே என்று நினைத்தேன். மேடம் ஏன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

சுவர் உடனே உடையவில்லை. அரசாங்கக் காரியம், அதற்கு அதன் வேகம். ஆனால் உடைந்தது. கல் பதித்த பாதையும் விளக்குகளும் வந்தன, வண்டிகள் நுழையாமலிருக்கக் குட்டைத் தூண்கள் வந்தன. ரயில் ஓடத் தொடங்கிய புதிதில் ஒரு நாள், சுவர் இருந்த இடத்தில் நின்று காத்திருந்தேன். அம்மா படியிறங்கி, கையை வீசிக்கொண்டு, நடு வழியில் நடந்து வந்தாள். என் அம்மா அப்படிக் கையை வீசி நடந்து நான் பார்த்ததே இல்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

இப்போது நானும் அதே ரயிலில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். மூட்டு வலி வந்து அம்மா போன வருஷம் வேலையை விட்டுவிட்டாள். மத்தியானங்களில் அத்தையின் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறாள். போன வாரம் ரயில் தாமதமாகி, நான் வழக்கத்தைவிடப் பிந்தி வந்தேன். சைக்கிள் கடையில் வேலை எதுவும் இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் தாண்டியதும் அது அணைந்தது. சலூன் விளக்கும் அணைந்தது. எங்கள் வாசலில் அடுப்பு ஆறிப்போயிருந்தது, தட்டில் ஒரு துண்டு மீன்கூட இல்லை. அத்தையும் அம்மாவும் விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். விற்பதற்கு ஒன்றுமில்லையே, இன்னும் ஏன் மூடவில்லை என்று கேட்டேன்.

“இதோ, மூடியாச்சு” என்று எழுந்த அத்தை, என்னை உள்ளே விட்டுவிட்டு ஷட்டரை இழுத்தாள்.