அக்கரைப்பற்றில் கிடந்த காசு

தோஹாவில் காசு அனுப்ப வங்கியின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. கவுண்டரில் இருப்பவர் அந்த வங்கிக்கென்று உலகம் ஒத்துக்கொண்ட எட்டு எழுத்தைத் தேடி எடுப்பார். அதன் பின்னால் கிளைக்கு ஓர் இலக்கம். இரண்டும் சரியாக இருந்தால்தான் காசு கடல் தாண்டும்.

எண்பதுகளின் கடைசியில் கல்முனையிலிருந்து தம்பி எழுதினான்: உம்மாவின் இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறிவிட்டது, இந்த மாதத்துக்குள் கொழும்பில் ஒப்பரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும். சம்பளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினேன். உம்மாவுக்குக் கணக்கில்லை; பெயருக்கு அனுப்பினால் அடையாள அட்டையைக் காட்டி எடுக்கலாம். தாய்க்கு என்று சொன்னதும் கவுண்டரில் இருந்த அரபுக்காரரின் முகம் மலர்ந்தது.

“வேன் பேத்தக்?” உன் வீடு எங்கே என்று கேட்டார்.

“அக்கரைப்பற்று” என்றேன்.

எங்கள் பக்கத்து ஆணுக்கு வேறென்னதான் வாயில் வரும்? கிழக்கிலங்கை முஸ்லிம்களான எங்களில் வீடு பெண்ணுக்குரியது. நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் கல்முனையில் உம்மாவின் வீட்டை விட்டு அக்கரைப்பற்றுக்கு அப்படிப் போனவன்தான். அந்த மனிதருக்கோ மகனின் வீட்டில்தானே தாய் இருப்பாள்! இருவரும் விளங்கிவிட்டதாகத் தலையாட்டிக்கொண்டோம். அவர் அக்கரைப்பற்றுக் கிளையின் இலக்கத்தை அடித்தார்.

காசு பத்திரமாகத்தான் போனது. உம்மாவின் பெயரோடு, பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் சும்மா கிடந்தது. தம்பி கல்முனைக் கிளையில் போய்ப் போய் நின்றிருக்கிறான். “இன்னும் வரல்ல தம்பி” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். என் பெண்சாதி மீன் வாங்கப் போவதே அந்த அக்கரைப்பற்று வங்கியைக் கடந்துதான். அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? தம்பியின் அடுத்த கடிதம் வந்து, நான் பதறியடித்துத் தந்தி கொடுப்பதற்குள் மாதம் முடிந்துவிட்டது. கண்ணும் போய்விட்டது. யா அல்லாஹ்!

லீவில் கல்முனைக்குப் போனபோது உம்மா என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார்.

“மெலிஞ்சி போனாய் மனெ” என்றார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன். அந்தித் தொழுகைக்கு, மஃரிபுக்குப் பாங்கு கேட்டதும் உம்மா கையை எடுத்துக்கொண்டார்.

“பொழுதுபட்டுட்டு. உன்ட ஊட்ட போ மனெ, புள்ளயள் பாத்துட்டு இரிக்கும்.”

“இண்டைக்கு இஞ்சயே நிக்கன் உம்மா.”

“மாப்புள ஏன் இஞ்ச கிடக்கான் எண்டு ஆக்கள் கதைப்பாங்க. போ.”

எழுந்தேன். உம்மா சுவரைத் தடவிக்கொண்டு வாசல்வரை வந்தார். என்னை அல்லாஹ்வின் காவலில் விட்டுக் கதவைச் சாத்தினார். நான் இன்னும் படியில்தான் நின்றேன். உம்மாவுக்கு அது தெரியவில்லை.