மார்ச் போதும்

புனேவின் கட்கியில் எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில், தள்ளுபடி நாட்களில் மட்டும்தான் அவரைப் பார்ப்பேன். பெயர் தெரியாது. கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை தொங்கும், கண்ணாடி எப்போதும் நெற்றிமேல் ஏறியிருக்கும். அலமாரிக்குள் தோள்வரை கையை விட்டு, கடைசி வரிசைப் பாக்கெட்டைத்தான் உருவுவார்.

"முன்னாடி இருக்கறது பழைய சரக்கும்மா. சேர்த்து வாங்கறவங்க பின்னாடிதான் தேடணும்" என்று ஒருமுறை சொன்னார். கடையில் தமிழ் கேட்ட சந்தோஷத்தில் நானும் அப்படியே தேட ஆரம்பித்தேன்.

போன தீபாவளிக்கு டீத்தூள் பாதி விலை. அவர் முன்வரிசையிலிருந்தே ஒரு பாக்கெட்டை எடுத்தார். சட்டைக் காலர் மெலிந்த கழுத்தை விட்டு விலகி நின்றது.

"ஏனுங்க, அது மார்ச்சோட முடியுதுங்க. பின்னாடி ஆகஸ்ட் இருக்குமே?" என்றேன்.

அவர் கையை உள்ளே விட்டு, ஆகஸ்ட் பாக்கெட்டை எடுத்து என் கூடையில் போட்டார்.

"இது நீங்க வெச்சுக்கோங்க. எனக்கு மார்ச் போதும்மா."

அவர் வீட்டில் ஆள் அதிகம் போல, சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நினைத்துச் சிரித்துவிட்டு பில் போடப் போய்விட்டேன்.

குடீபாட்வா புத்தாண்டுத் தள்ளுபடி, சுதந்திர தினத் தள்ளுபடி எல்லாம் வந்து போயின. அவர் வரவில்லை. வேறு கடைக்கு மாறியிருக்கலாம். விசாரிக்க என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை.

நேற்றோடு ஆகஸ்ட் முடிந்தது. இன்று காலை வீட்டில் டீத்தூள் தீர்ந்திருந்தது. அவர் என் கூடையில் போட்ட அந்த ஆகஸ்ட் பாக்கெட்டை எடுத்து, தேதியைப் பார்த்து, பிரிக்காமல் மறுபடி பரணிலேயே வைத்துவிட்டேன்.