முள் ஆடினால் எஞ்சினைப் பிரிப்பானாம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் அதைத் திட்டுங்கள்.

என் பழைய பிக்கப்பில் விளக்கைப் போட்டால் போதும், டீசல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்தே துள்ளுகின்றன. இன்று ராமநாதபுரத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

நோட்டில் நான் கைநாட்டு வைத்ததைப் பார்த்த மெக்கானிக், வண்டியில் சூட்டு முள்ளை மட்டும் பார்த்தான்.

"எஞ்சின் கொதிக்குது பாய். எஞ்சினைப் பிரிச்சு ஹெட்டைக் கழட்டிறணும்."

நான் ரேடியேட்டரில் கையை வைத்துக் காட்டினேன். வெதுவெதுப்புதான்.

"கொதிச்சா என் கை வெந்துருக்கும்லப்பா?"

"மீட்டரு சிவப்புக்கு ஏறுது. படிக்கத் தெரியாத ஆளு, பேசாம அங்கன உக்காருங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறுபதுகளில், எனக்கு மீசை முளைத்த புதிதில், தொண்டியில் நான் வேலை பார்த்த முதலாளியின் வேனுக்குப் பெயிண்ட் அடித்த மறுநாள் இதே ஆட்டம். எர்த் ஒயரை வண்டி உடம்போடு முடுக்கும் இடத்திலும் பெயிண்டை அப்பியிருந்தார்கள்; கரண்டு போக வழியில்லை. சுரண்டியதும் முள் அடங்கியது. இந்த வண்டிக்கும் போன வாரம்தான் பெயிண்ட் அடித்தேன்.

அவன் எஞ்சினில் கை வைப்பதற்குள் அவன் ஸ்பானரையே எடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து, எர்த் போல்ட்டைக் கழற்றினேன். பெயிண்டைச் சுரண்டி மறுபடி முடுக்கினேன். விளக்கைப் போட்டால் இரண்டு முள்ளும் அசையவில்லை.

"எர்த்தா? அதத்தான் பாய் நானும் சொல்ல வந்தேன்."

"ஏலே, நீ சொல்ல வந்தது ஹெட்டு!"

இங்கே படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 'எஞ்சினைத் தொட்டுப் பார்க்காதே' என்று மீட்டரில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? யாராவது படித்துச் சொல்லுங்கள்.