மணல் மூட்டைக்குப் பதிலாக

என் கணவர் வீட்டார் மூன்று தலைமுறையாகக் கிண்டியில் கிளைடர் செய்கிறார்கள். அதாவது, இன்ஜின் இல்லாத விமானம். புதிதாக ஒன்று தயாரானதும் மாமனார்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பார். எடைக்காகப் பின் சீட்டில் மற்றவர்கள் மணல் மூட்டை வைப்பார்கள். எங்கள் வீட்டில் மாமியார் கமலாவே உட்காருவார். "நாமளே ஏறாத வண்டிய எப்படி விக்கிறது?" என்பார்.

அவர் இறந்தபின் தயாரான முதல் கிளைடருக்கு, "மூட்டையே வெச்சிடு நைனா" என்று மகனிடம் சொன்னார் மாமா. எனக்கு மனசு கேட்கவில்லை. உயரம் என்றாலே உதறும் நான், "வேணாம் மாமா, நான் ஏறிக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

மேலே போய், எங்களை இழுத்துவந்த விமானத்தின் கயிறு விடுபட்டதும் ஒரே அமைதி. முன் சீட்டிலிருந்து மாமா திரும்பாமலே கேட்டார்: "பயமா இருக்கா கமலா?"



"இல்லீங்க" என்று மட்டும் சொன்னேன்.

இன்ஜின் இருந்திருந்தால் அந்தக் குரல் என் காதில் விழுந்தே இருக்காது.