ஜோத்பூருக்குப் போகக் குத்திய அம்மைப்பால்

அம்மாவின் மூச்சு இழுக்கும் சத்தத்தோடுதான் எங்கள் வீடு விடியும். சேவல் கூவுவதற்கு முன்னரே அவர் சுவரோடு தலையணையைச் சாய்த்துக் குந்தியிருந்து, உள்ளே வர மறுக்கும் காற்றைக் கெஞ்சிக் கெஞ்சி இழுப்பது மெல்லிய விசிலாக எனக்குக் கேட்கும். எங்கள் ஊரில் அதற்குத் ‘தொய்வு’ என்று பெயர். பிறந்ததில் இருந்து கேட்ட சத்தம் என்பதால், எல்லா அம்மாமாரும் அப்படித்தான் மூச்சு விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு மாஸ்ரரின் மனைவி பாயில் நீட்டி நிமிர்ந்து, சத்தமே இல்லாமல் படுத்திருப்பதைக் கண்டு, செத்துப்போனார் என்று அலறி ஊரைக் கூட்டியிருக்கிறேன். அதற்காக வாங்கிய பேச்சு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

புத்தூரில் எங்கள் வீடும், வீட்டைச் சுற்றிய செம்மண் தோட்டமும் அம்மாவின் சீதனம். ஐயா கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தவர். அம்மாவின் தகப்பனார் காலத்தில் இருந்து அந்த மண்ணில் புகையிலைதான். இலையை வெட்டி, வாடவிட்டு, குசினிக்குப் பின்னால் இருந்த புகைக் கொட்டிலில் தொங்கவிட்டு, கீழே தேங்காய்ப் பொச்சுமட்டையும் பனங்கொட்டை ஊமலும் போட்டு நாட்கணக்கில் புகைப்போம். நெருப்பு எரியவும் கூடாது, அணையவும் கூடாது. அந்தப் பக்குவம் தன் தகப்பனிடம் இருந்து தனக்கு மட்டுமே வந்தது என்பதில் அம்மாவுக்குப் பெருமை. புகைத்துக் கட்டிய சிப்பங்கள் விலைப்படும்வரை எங்கள் படுக்கை அறையிலேயே அடுக்கியிருக்கும். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்கள் என் தலைமயிரை மணந்து பார்த்து ‘போயிலைச்சி’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். நான் அதற்காக இரண்டு பேருக்கு நுள்ளியும் இருக்கிறேன்.

சித்திரை கழிந்து கொட்டிலில் புகை எழும்பும் நாட்களில்தான் தென்மேற்கில் இருந்து சோளகக் காற்றும் தொடங்கும். தொய்வும் அப்போதுதான் உச்சத்துக்கு ஏறும். ஆகவே குற்றம் முழுவதையும் சோளகத்தின் தலையில் போட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம், ஆனி மாதத்தில், அம்மாவின் உதடு நீலம் பாரித்ததைக் கண்டு ஐயா அவரையும் என்னையும் பட்டினத்து டொக்டரிடம் கூட்டிப்போனார். அம்மாவைப் பார்த்து முடிந்ததும், டொக்டர் எங்கள் இருவரையும் வெளி வாங்கில் இருத்திவிட்டு ஐயாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். திரும்பி வந்தபோது ஐயாவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. “இஞ்சத்தைக் காத்து ஈரமாம். காய்ஞ்ச ஊரிலை கொஞ்சநாள் இருந்தால் சுகம் வருமாம்,” என்றார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். தனக்கும் சுகம் வரக்கூடும் என்பதை அவர் கேள்விப்பட்டதே அன்றுதான்.

காய்ந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு பக்கத்து வீட்டுக் கந்தையா மாஸ்ரரிடம் போனது. பூமிசாத்திரம் படிப்பிப்பவர். கொழும்புக்கு அப்பால் ஒரு ஊரும் போகாதவர். ஆனால் எந்த நாட்டில் எவ்வளவு மழை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அற்லசை எங்கள் மேசையில் விரித்து, இந்தியாவின் மேற்குப் பக்கம் மஞ்சளாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்து, “இதுதான் தார்ப் பாலைவனம். இதிலை ரெயில் போய் நிக்கிற நல்ல பட்டினம் ஜோத்பூர்,” என்று தீர்ப்புச் சொன்னார்.

அற்லசில் எங்கள் ஊரில் இருந்து இராமேஸ்வரம் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். ஜோத்பூரும் அதற்குச் சற்று அப்பால் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மாஸ்ரர் நூல் வைத்து அளந்து சொன்னபோது வீடே திகைத்துப்போனது. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ரெயிலில் மதவாச்சிக்குப் போய், அங்கே மாறித் தலைமன்னாரில் இறங்கி, கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இருந்து சென்னைக்கு ஒரு ரெயில், சென்னையில் இருந்து டில்லிக்கு இரண்டு இரவு, டில்லியில் இருந்து இன்னுமொரு ரெயில். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு நாள்! “ஆறு நாளோ? காசிக்குப் போய்ச் சாம்பல் கரைக்கிற சனமே உவ்வளவு தூரம் போகேல்லையே!” என்று அம்மா வாயில் கையை வைத்தார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி தண்ணீரில் வந்தது. “அங்கை கிணறு இருக்கோ, மாஸ்ரர்?” என்று அம்மா கேட்டார். ஆழம் காணமுடியாத நிலாவரைக் கிணறு பக்கத்திலேயே இருக்கும் ஊரில் பிறந்த ஒருவருக்கு அது நியாயமான கேள்வி. கிணறு இருக்கும், ஆனால் குளிப்புக்கு ஆளுக்கு அரைவாளி கிடைத்தால் பெரிய காரியம் என்று மாஸ்ரர் சொல்ல, நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். துலாவில் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றி, தோட்டமெல்லாம் ஓடவிட்டுக் குளிப்பவர்கள் நாங்கள். அம்மா சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே வீட்டில் ‘அரைவாளிக் குளிப்பு’ அமுலுக்கு வந்தது. அரைவாளி முடிந்ததும் சவர்க்கார நுரையோடு நான் நின்று அழுதால், “ஜோத்பூரிலை நிண்டு அழுதால் ஆர் வந்து ஊத்துவினம்?” என்பார். கிணற்றில் தண்ணீர் தளம்பிக்கொண்டிருக்க நாங்கள் நுரையோடு உடுப்புப் போட்டோம். வேலிக்கு மேலால் பார்த்த சனங்கள் எங்களுக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டன.

ஒரு வருடமாக அந்தப் பயணம் எங்கள் வீட்டில் குடியிருந்தது. அடுத்த வருட ஆவணி விடுமுறையில் புறப்படுவது என்று முடிவாயிற்று. பழுதாகாத சாப்பாடாகப் பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும், வறுத்த ஒடியல் மாவும், இரண்டு போத்தல் நல்லெண்ணெயும் என்று மாஸ்ரர் கொப்பியில் எழுதினார். ஒட்டகத்தில் ஏறலாமா என்று நான் கேட்டேன். ஒட்டகம் பின்னங்காலில்தான் முதலில் எழும்பும், முன்பக்கம் விழாமல் பிடிக்கவேண்டும் என்று, வாழ்நாளில் ஒட்டகத்தைக் காணாத மாஸ்ரர் கதிரையில் இருந்து செய்துகாட்டி விழப்பார்த்தார். அம்மாவுக்கு ஒட்டகமும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம். அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. மா அரித்துக்கொண்டிருக்கையில் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “அங்கை போய் ஒரு நாளைக்கெண்டாலும் நீட்டி நிமிந்து படுத்து நித்திரை கொள்ளவேணும், பிள்ளை.” நான் அதற்குப் பிறகு அரைவாளிக்கு அழவில்லை.

ஐயாவில் மட்டும் ஏதோ மாறியிருந்தது. அடுத்த வருடம் சித்திரை கழிந்து கொட்டிலில் இலை ஏறியதும், புகை போடும் வேலையைத் தானே செய்யப்போவதாகச் சொன்னார். அம்மாவுக்குச் சுருக்கென்றது. “ஏன், என்ரை கை பிழையோ? என்ரை ஐயாவின்ரை இலையை நான் பழுதாக்கிப்போடுவனோ?” என்று மூச்சு வாங்க வாங்கச் சண்டை பிடித்தார். ஐயா குனிந்து பொச்சுமட்டையை அடுக்கிக்கொண்டே இருந்தார். அவர் தோட்டத்துப் பக்கம் போன நேரம் பார்த்து அம்மா கொட்டிலுக்குள் போய், ஐயா வைத்த புகையைச் சரிசெய்துவிட்டு வருவார். அதை ஐயாவுக்குச் சொல்லக்கூடாது என்று எனக்குச் சத்தியம் வேறு. சத்தியத்தை நான் காப்பாற்றினேன்.

இந்தியாவுக்குப் போவதென்றால் பெரியம்மை வராமல் அம்மைப்பால் குத்திய சேட்டிபிக்கேற் வேண்டும். வைகாசியில் நாங்கள் மூவரும் அதே டொக்டரின் டிஸ்பென்சறிக்குப் போனோம். மாஸ்ரரின் கொப்பிப்படி, வருத்தக்காரியான அம்மாவுக்கு வழியில் காட்ட ஒரு கடிதமும் எடுக்கவேண்டும். குழந்தையாக இருந்தபோது குத்திய தழும்புக்குப் பக்கத்தில் நர்ஸ் மிஸி எங்கள் மூவருக்கும் இரண்டாவதைக் குத்தினார். நான் கத்தவில்லை. ஐயாதான் முகத்தைச் சுழித்தார். பிறகு கடிதத்துக்காக உள்ளே போனோம். இந்தமுறை மூவரும் ஒன்றாகப் போனோம். ஐயா என்னையும் அம்மாவையும் வெளியே இருத்தத்தான் பார்த்தார். அம்மா கேட்கவில்லை.

டொக்டர் அம்மாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஐயாவின் பக்கம் திரும்பினார்.

“நான் போன வருசம் சொன்னதைச் செய்தனீரோ? கொட்டிலை மூடியாச்சோ?”

ஐயா நிலத்தைப் பார்த்தார்.

“போயிலைப் புகைதான் இவவின்ரை நெஞ்சைத் தின்னுது எண்டு சொன்னனானெல்லோ? ஒண்டில் புகையை நிப்பாட்டும், இல்லாட்டில் ஆளைத் தூரத்திலை கொண்டுபோய் வையும் எண்டு சொன்னனான். இதென்ன, ஜோத்பூருக்குக் கடிதம்? அங்கை போய் ரெண்டு கிழமை நிண்டிட்டுத் திரும்பி அதே புகைக்குள்ளையோ கொண்டுவந்து விடப்போறீர்?”

ஈரக்காற்று, காய்ந்த ஊர் ஒன்றையும் டொக்டர் சொல்லவே இல்லை! மஞ்சள் நிறப் பாலைவனம், நூல் வைத்து அளந்த ஆறு நாள், அரைவாளி, எல்லாவற்றையும் ஐயா தன் வாயில் இருந்தே உண்டாக்கியிருக்கிறார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“மூடியாச்சு, டொக்டர். இந்தமுறை எங்களிட்டைப் போயிலை இல்லை,” என்றார் அம்மா.

அவருடைய சேலையில் காலையில் போட்ட புகை மணத்துக்கொண்டிருந்தது. டொக்டர் மூக்கால் ஒருமுறை இழுத்தார். அம்மாவையும் ஐயாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கடிதத்தை எழுதிக் கொடுத்தார். பொய் சொன்னால் நாக்கில் சூடு வைப்பேன் என்று என்னை வெருட்டும் அம்மா, ஒரு டொக்டரின் முகத்தைப் பார்த்துப் பச்சைப் பொய் சொன்னதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி ஊருக்குத் திரும்பினோம். வீட்டுப் படலையைத் திறந்ததும் ஐயாதான் தொடங்கினார்.

“உன்ரை சீதனக் காணி. கொப்பர் போட்ட போயிலை. நான் வந்து நிப்பாட்டினன் எண்டால் கொண்ணைமார் என்ன சொல்லுவினம்? வந்த மாப்பிளை வேலை செய்யப் பஞ்சியிலை தோட்டத்தைத் தரிசாக்கிப்போட்டான் எண்டெல்லோ சொல்லுவினம். உன்ரை மண்தான் உன்னைக் கொல்லுது எண்டு உன்னட்டை நான் என்னெண்டு சொல்லுறது?”

“அதுக்கு என்னை ஜோத்பூருக்குக் கொண்டுபோகப் பாத்தியளோ?”

“போய்ச் சுகம் கண்டியெண்டால் நீயாச் சொல்லுவாய் எண்டு நினைச்சன். ‘இனி உந்தப் புகை வேண்டாம்’ எண்டு.”

“டொக்டருக்கு முன்னாலை உங்களை விட்டுக்குடுக்கேலாமல் பொய் சொன்னன். அதைப் பொய்யாக் கிடக்க விடேலாது,” என்று சொல்லிவிட்டு அம்மா நேரே கிணற்றடிக்குப் போனார். வாளியை நிறைத்துக்கொண்டு போய்க் கொட்டிலுக்குள் ஊற்றினார். கொட்டில் சீறியது. திரும்ப வந்து அள்ளினார். ஊசி போட்ட கையால், மூச்சு விசிலடிக்க அள்ளினார். ஒரு வருடமாக அரைவாளி அரைவாளியாக நாங்கள் மிச்சம் பிடித்த தண்ணீரெல்லாம் அன்றைக்குப் போனது. மூன்றாவது வாளியை ஐயா பறித்து எடுத்தார். “நீ உள்ளுக்குப் போகாதை,” என்றார். வருடம் முழுவதும் சொல்லமுடியாமல் இருந்த வசனம் கடைசியில் அவ்வளவுதான். தொங்கிய இலை முழுவதும் பாதிப் புகையில் பழுதாகிப் போயிற்று.

மனைவியிடம் சொல்லவேண்டிய ஒரு வசனத்துக்குப் பயந்து, ஒரு மனிதர் கடலையும் தாண்டி ஆறு நாள் ரெயில் பயணத்துக்கு ஆயத்தம் செய்தார் என்பதை என்னால் அன்றைக்கு நம்பமுடியவில்லை. ஐயா மேல் எனக்கு நெடுங்காலம் கோபம் இருந்தது. அந்த ஒரு வருடம் அம்மா இழுத்த மூச்சுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் எங்கள் பக்கத்தில் சீதனக் காணியில் குடியிருக்கும் ஆம்பிளை எவ்வளவு மெதுவாகக் கால் வைத்து நடக்கவேண்டும் என்று நானே கலியாணம் முடித்த பிறகுதான் விளங்கியது.

அடுத்த மூன்று நாளும் அம்மைப்பால் காய்ச்சலில், கை வீங்கி, மூவரும் பாயில் கிடந்தோம். போகாத பயணத்துக்கு வந்த காய்ச்சல்! கந்தையா மாஸ்ரர் கொப்பியோடு வந்து எங்களைப் பார்த்துவிட்டு, எங்களிலும் பார்க்கக் கவலையோடு திரும்பிப் போனார். அம்மாவின் அண்ணைமார் வந்து படலையில் நின்று சத்தம் போட்டார்கள். “என்ரை காணி, என்ரை மூச்சு. அவரோடை கதைக்கவேண்டாம், என்னோடை கதையுங்கோ,” என்று அம்மா வாசலிலேயே முடித்துவிட்டார். தோட்டத்தில் மிளகாயும் வெங்காயமும் வந்தன. சிப்பம் அடுக்கிய அறையை ஐயா கழுவி வெள்ளையடித்தார். தொய்வு ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் மாரி கழிந்து தை பிறந்த ஒரு விடியற்காலையில், வீட்டில் சத்தம் இல்லாததால் எனக்கு விழிப்புத் தட்டியது. அம்மாவின் பாயடியில் ஐயா நின்றார். குனிந்து அம்மாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். அம்மா நீட்டி நிமிர்ந்து படுத்து நித்திரையாக இருந்தார்.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அம்மா இருந்தார். கையில் இருந்த இரண்டாவது தழும்பைப் பற்றி யாராவது கேட்டால், “அது ஜோத்பூருக்குப் போகேக்கை போட்டது,” என்பார், போய்வந்தவர் போல. ஐயாவும் பக்கத்தில் இருந்து, “நல்ல காய்ஞ்ச ஊர்,” என்று தலையாட்டுவார்.

இப்போது தலைமன்னாரில் இருந்து அந்தக் கப்பல் போவதில்லை. புகைக் கொட்டில் நின்ற இடத்தில் யாரோ கட்டிய மதில் நிற்கிறது. பெரியம்மை நோயே உலகத்தில் இல்லை என்கிறார்கள், ஆகவே இப்போது பிறக்கும் யாருக்கும் அந்தத் தழும்பும் இல்லை. அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது, வாளி வாளியாக ஊற்றினோம். அந்தக் கையைத் தேய்த்தது நான்தான். சில வருடங்களில் ஐயாவும் போய்ச் சேர்ந்தார். மூன்று கையில் இருந்த அந்தத் தழும்பு இப்போது என்னுடைய ஒரு கையில்தான் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எனக்கு விழிப்பு வருகிறது. பக்கத்தில் படுத்திருப்பவரின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் எழும்புகிறேன்.