மலை இறங்கும்போது வரும் கிறக்கம்

போடிமெட்டுப் பாதையில் கிறக்கம் வந்தால் எங்கள் ஊரில் யாரும் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். போடியில் பஸ் ஏறும்போதே பாதிப்பேர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். மூன்றாவது வளைவில் ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவாள். அவளைக் கேலி செய்தவள் ஐந்தாவது வளைவில் நீட்டுவாள். மேலே போய் இனிப்பாக ஒரு டீயைக் குடித்தால் எல்லாம் தெளிந்துவிடும். விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படியே பார்த்துப் பழகிவிட்டதால், என் வீட்டுக்காரருக்குக் கிறக்கம் வந்தபோது நானும் அதை மலைக் கிறக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் வண்டியில் வருகிறவர் இல்லை, வண்டி ஓட்டுகிறவர். மெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது, வீடு போடியில். விடிந்ததும் பக்கத்து ஊர் சிலமலைக்குப் போய் வேலைக்கு வரும் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, திரும்பி வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு மலையேறுவார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த வளைவுகளை ஓட்டுகிற மனிதர். டிரைவருக்கே கிறக்கமா என்று பின்னால் இருக்கிற பெண்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவருக்கு வயிற்றைச் சுருக்கி ஆப்ரேசன் செய்து அப்போது ஆறு வருசம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஸ்டியரிங் அவர் வயிற்றில் இடிக்கும். மூட்டு வலி, மூச்சிரைப்பு, இரண்டு வேளை இன்சுலின் என்று ஒரு மருந்துக்கடையையே சுமந்துகொண்டிருந்தார். மதுரையில் ஆப்ரேசன் செய்த பிறகு ஒரு வருசத்துக்குள் ஆள் பாதியாகிவிட்டார். சர்க்கரை நோய் இருந்த இடம் தெரியாமல் போனது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து, ஏதோ புதுமாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

வருசா வருசம் வந்து ரத்தம் பார்க்க வேண்டும், சத்து மாத்திரையை ஆயுசுக்கும் விடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். இரண்டு வருசம் போனார். மூன்றாம் வருசம், நல்லா இருக்கிறவன் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். மாத்திரையும் ஞாபகம் வந்தால் போடுவது என்றானது.

கொஞ்சமாகச் சாப்பிடுகிற ஆளை எங்கள் பக்கத்துச் சனங்களால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இரண்டு இட்லியோடு அவர் கையைக் கழுவினால், சமைத்தவள் முகம் வாடிப்போகும். அதனால் எல்லாரும் அவர் தொண்டையில் சுலபமாக இறங்குவது எது என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பாயசம் இறங்கும். கருப்பட்டி போட்ட சத்துமாவுக் கஞ்சி இறங்கும். மெட்டில் இருக்கிற டீக்கடையில் ஆள் ஏற்றி வருகிற ஜீப்பு டிரைவருக்குக் காசு வாங்க மாட்டார்கள். மரியாதைக்காக அந்த டீயில் ஒரு கரண்டி சீனி கூடவே விழும். அதையும் குடித்துவிட்டு, நேந்திரம்பழப் பஜ்ஜி ஒன்றையும் பிய்த்துப் போட்டுக்கொள்வார். சர்க்கரைதான் போய்விட்டதே, சாப்பிடட்டும் என்று நானும் இருந்தேன். ஆசைப்பட்டதை எல்லாம் எத்தனை வருசம் பார்த்து ஏங்கியிருக்கிறார்.

கிறக்கம் முதலில் தோட்டத்தில்தான் வந்தது. டீ குடித்து ஒன்றரை மணி நேரம் போல ஆகும், செடிக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிடுவார். கை நடுங்கும், சட்டை நனைந்துவிடும். யாராவது பால் இல்லாத கட்டன்சாயாவில் சீனியைத் தூக்கலாகப் போட்டுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து எல்லாரையும் விரட்ட ஆரம்பித்துவிடுவார். ஏலத்தோட்டக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் ஒருத்தி. கண் பட்டிருக்கிறது என்றாள் இன்னொருத்தி. போடியில் ஒரு டாக்டர் கிறக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். நான் என் பையில் மிட்டாய் வாங்கி நிரப்பி வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். அது வரும்போது அவர் சாந்தமாகிவிடுவார். என் வீட்டுக்காரர் சாந்தமான ஆள் இல்லை. உப்பு கூடினாலும் கத்துவார், குறைந்தாலும் கத்துவார், சரியாக இருந்தால் இன்றைக்கு என்ன அதிசயம் என்று கத்துவார். அப்படிப்பட்டவர் எதைக் கேட்டாலும் "சரி" என்பார். கண் எங்கேயோ இருக்கும். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் போதும், நான் பையில் மிட்டாயைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு சாயங்காலம் மலை இறங்கிக்கொண்டிருந்தோம். கிளம்புவதற்கு முன்னால் தோட்டத்தில் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றியிருந்தார்கள், அவருக்கு மட்டும் கருப்பட்டி கூடப் போட்டு. பாதி மலை இறங்கியிருப்போம். கியரைக் குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்கவில்லை. ஏங்க, வண்டி வேகமாகப் போகுதே என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் "சரி" என்றார்.

ஜீப்பு மெல்ல வலது பக்கம் ஒதுங்கியது. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம், நான் இருக்கிற பக்கம், மலை. அந்த நேரத்தில் நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன், அவ்வளவுதான். முன்சக்கரம் ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி, பாறையில் உரசி, வண்டி நின்றது. பின்னால் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். ஒருத்திக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவர் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல், எதிரே பாறையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அவரை உலுக்குவதற்காகப் பிடரியில் கை வைத்தேன். சில்லென்று நனைந்திருந்தது. அந்த ஈரம் என் கைக்குத் தெரியும். இன்சுலின் போட்ட காலத்தில், போட்டுவிட்டுச் சாப்பிட மறந்த இரண்டு தடவை இதே கழுத்தை இதே மாதிரி தொட்டிருக்கிறேன். ஆனால் இவர் இன்சுலினைத் தொட்டே ஆறு வருசம் ஆகிறதே. சர்க்கரையே இல்லாத மனிதனுக்குச் சர்க்கரை எப்படிக் குறையும்? மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் திணித்தேன்.

இரண்டு வருசமாக எனக்கும் சர்க்கரை. வீட்டை விட்டுப் போக அதற்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அதனால் சோதிக்கிற கருவி என்னிடம் இருந்தது. மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக்காரரை வண்டி ஓட்டச் சொல்லி, கருவியை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். வழக்கமான டீ, வழக்கமான பஜ்ஜி. காத்திருந்தேன். அவர் கொட்டாவி விட ஆரம்பித்ததும் விரலில் குத்தினேன். எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாதது, நாற்பத்தொன்று என்று காட்டியது. கருவிதான் கெட்டுவிட்டது என்று என் விரலிலும் குத்திப் பார்த்தேன். கெடவில்லை.

மதுரைக்குப் போனோம். டாக்டர் திட்டவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஆப்ரேசன் செய்தவர்களில் சிலருக்குச் சில வருசம் கழித்து இப்படி வருவது உண்டு என்றார். இனிப்பு வயிற்றில் தங்காமல் நேரே குடலுக்குப் போய் ரத்தத்தில் ஏறுகிறது. அதைப் பார்த்து உடம்பு மிரண்டு, தானே அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்கிறது. ஏறிய வேகத்தில் சர்க்கரை இறங்கிவிடுகிறது. தெளியட்டும் என்று கொடுக்கிற இனிப்பு டீயே அடுத்த இறக்கத்துக்கு வழி செய்கிறது என்றார். குறைந்தால் அளவாகக் குளுக்கோஸ் கொடுத்து, கையோடு முட்டையோ கடலையோ கொடுக்க வேண்டும். மற்ற நேரத்தில் இனிப்பு ஆகாது. ரத்தத்தில் வேறு சத்துகளும் குறைந்து கிடந்தன. அவருக்கு அடிக்கடி கால் மரத்துப்போவதும் அதனால்தான் என்றார். நினைவு தப்பலாம், தனியாக விடாதீர்கள், இது கட்டுக்குள் வரும்வரை வண்டி ஓட்டவே கூடாது.

இவ்வளவிலும் என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது கடைசி ஒன்றுதான். வீட்டுக்குள் கால் வைத்ததும் வெடித்தார்.

"சக்கர கொறஞ்சா சக்கரயத் திங்கணும். இதுக்கு ஒரு டாக்டரு, அதுக்கு ஒரு சீட்டு. அந்தாளு நம்ம மலையக் கண்ணால பாத்துருக்காரா? எனக்கு ஒண்ணும் இல்ல. நீதான் பயந்து சாகுற."

அது உண்மைதான். நான்தான் பயந்து செத்தேன். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது என்றேன், கத்தினார். தோட்டத்துக்குள் தனியாகப் போனால் பின்னாலேயே ஆள் அனுப்பினேன், அந்த ஆளையும் விரட்டினார். காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு அப்பால் போனில் சிக்னல் கிடைக்காது. அங்கே போய்விட்டார் என்றால் என் கை எந்த வேலையும் செய்யாது. நான் இல்லாத வீடுகளில் கேசரி சாப்பிட்டு வந்தார். இந்த மனிதருக்குக் கொஞ்சமாவது பயத்தைக் கொடு சாமி என்று வேண்டிக்கொண்டேன். புருசனுக்குப் பயம் வர வேண்டும் என்று நேர்ந்துகொண்ட பொம்பளை எங்கள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏலக்காய் எடுப்பு தொடங்கியதும் ஓட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் போடியில் சும்மா இருக்கிற ஜீப்பு டிரைவர் யாரும் கிடையாது. நான் ஊருக்குள் கார் ஓட்டுவேன், லைசென்சும் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூட வைத்துக்கொண்டு பல நாள் வெறும் ஜீப்பை ஏற்றி இறக்கிப் பழகினேன். அதன் பிறகுதான் பெண்களை ஏற்றினேன். முதல் நாள் பின்னாலிருந்து முருகா முருகா என்றுதான் கேட்டது. அவர் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு வளைவுக்கு வளைவு திட்டினார். ஆரனை அடி என்றார். செகண்டைப் போடு என்றார். உன் அப்பன் வீட்டு ரோடா என்றார். திட்டத் திட்ட எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் கொஞ்சம் ஓய்ந்தால், வேண்டுமென்றே கியரைத் தப்பாகப் போட்டு வாயைக் கிளறுவேன்.

இப்படியே ஒரு வருசம் போயிற்று. நல்ல நாளும் இருந்தது, கெட்ட நாளும் இருந்தது. போன மாதம் மேலே வேலை செய்கிற ஒருத்தியின் மகளுக்குச் சடங்கு. இலையில் பாயசம் விழுந்தது. நான் முறைத்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே வாங்கிக் குடித்தார், இரண்டாவது டம்ளரும். எல்லார் முன்னாலும் சண்டை போட முடியாது. மெட்டு தாண்டி இறங்கும்போது மஞ்சு மூடியிருந்தது, முன்னால் போகிற லாரியின் விளக்குகூடச் சரியாகத் தெரியவில்லை. நான் ரோட்டைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா?

ஏதோ ஒரு வளைவில் திட்டு நின்றது. கியரைத் தப்பாகப் போட்டேன், வண்டி உறுமியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏங்க என்றேன். மலைப்பக்கம் ஒதுங்குவதற்கு இடம் தேடிக்கொண்டே அவர் தோளைத் தட்டினேன். அப்போது அவர் கை என் கையைப் பிடித்தது. உள்ளங்கை நனைந்திருந்தது.

"வண்டிய நிப்பாட்டு தாயி. எனக்கு வருது. பயமா இருக்கு."

ஓரமாக நிறுத்தினேன். பெண்கள் சொல்லாமலே இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். குளுக்கோசைக் கரைத்துக் கொடுத்தேன், மிச்சம் வைக்காமல் குடித்தார். முட்டையை உரித்துக் கொடுத்தேன், அதையும் தின்றார். விரலை அவராகவே நீட்டினார். சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. இனிமேல் சொன்னபடி கேட்பார் என்று தெரிந்தது. நான் கும்பிட்டுக் கேட்டது இதைத்தான்.

ஆனால் என் கால் கிளட்ச்சில் நிற்கவில்லை, அப்படி உதறியது. இத்தனை நாளும் அவர் கத்துகிற கத்தலில், ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ, ஒன்றுமில்லாததற்குத்தான் நான் பயப்படுகிறேனோ என்று எனக்குள் ஒரு ஓரத்தில் நம்பிக்கை இருந்திருக்கிறது. வீட்டில் பயப்படாத ஆள் என்று ஒருவராவது இருந்தார். இப்போது அவரும் பயந்துவிட்டார்.

அவர் என் கையை விடவே இல்லை. கியர் போட வேண்டும், விடுங்க என்று சொல்லித்தான் வாங்க வேண்டியிருந்தது.