ஊசி அக்காவின் கடைசி விடைத்தாள்

எங்கள் பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் பதினேழு, பதினெட்டு வயது. ஊசி அக்காவுக்கு மட்டும் இருபத்தைந்து. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆறு வருடமாக ரத்தம் எடுக்கிற வேலை. விடியும்போதே போய், வெறும் வயிற்றோடு சிடுசிடுத்தபடி வரிசையில் நிற்பவர்களின் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடிவிட்டு, அப்படியே பஸ் ஏறி வகுப்புக்கு வந்துவிடுவாள். மேலெல்லாம் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "உனக்கு அருமையான நரம்புடி. கண்ணை மூடிக்கிட்டே குத்தலாம்" என்பாள். பாராட்டுகிறாளா பயமுறுத்துகிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதியிருந்தாள். முதல் தடவை அறுபது மதிப்பெண்ணில் போனது, அடுத்த தடவை வெறும் நாலு மதிப்பெண்ணில். இருபத்தைந்து தாண்டினால் எழுத முடியாது என்பது விதி. அதனால் இந்தத் தடவைதான் கடைசி. ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வெறி பிடித்தவள் மாதிரி படித்தாள்.

தேர்வு முடிந்து வந்ததும் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று பயிற்சி வகுப்பு சார் தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தார். யார் கேட்டது? வாசலைத் தாண்டிப் பஸ் நிறுத்தம் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டோம். நானும் அக்காவும் வக்கீலும். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"நாப்பத்திரண்டுக்கு பி தானே?" என்றான் வக்கீல்.

"டி போட்டேனே!" என்று அலறினேன்.

"நம்பரைச் சொல்லி அடிச்சுக்காதீங்க, கேள்வியைச் சொல்லுங்க" என்றாள் அக்கா. ஏ, பி, சி, டி என்று நாலு வரிசையில் கேள்வித்தாள் கொடுத்திருந்தார்கள். கேள்விகள் ஒன்றுதான், இடம்தான் வேறு. அவனுடைய நாற்பத்திரண்டு சிறுநீரகம், என்னுடையது மின்தடை. சிறுநீரகத்துக்கும் மின்தடைக்கும் சண்டை போட்டிருக்கிறோம்.

அப்புறம் ஒவ்வொரு கேள்வியாகப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். எனக்குப் பாதி ஊற்றிக்கொண்டது. அக்கா சொன்னதெல்லாம் சரியாக வந்தது. வக்கீல் கூட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, சீட்டு உங்களுக்குத்தான். போன வருஷக் கட்டாஃபைவிட அம்பது மேல வருது" என்று குதித்தான். அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கண்ணும் கலங்கியிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. "உங்களுக்கு எந்த வரிசை, அக்கா?"

"சி." சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். "வட்டத்தை நிரப்புனேனா?"

விடைத்தாளின் தலையில் நாலு வட்டங்கள் உண்டு. அவரவர் வரிசைக்கான வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால் தாளைத் திருத்தவே மாட்டார்கள், பூஜ்யம்தான். நாங்கள் எல்லோரும் முதல் வேலையாக அதைத்தான் நிரப்பினோம்.

"கடைசியில பாத்துக்கலாம்னு விட்டேன்டி. லேப்ல ரத்தம் எடுத்த அப்புறம்தான் டியூப்ல பேர் ஒட்டுவோம். முன்னாடியே ஒட்டுனா ஆள் மாறிடும்னு... அதே பழக்கத்துல..."

"பையில விடைத்தாளோட கார்பன் நகல் இருக்குல்ல, எடுத்துப் பாருங்க" என்றான் வக்கீல். அவள் எடுக்கவில்லை. எங்கள் பஸ் வந்தது, போனது. வீறிட்டு அழுகிற கைக்குழந்தைக்குக்கூட நடுங்காமல் குத்துகிறவள், பையை அப்படியே என்னிடம் நீட்டிவிட்டாள். நான்தான் வாங்கித் திறந்தேன்.

நாலு வட்டமும் வெள்ளையாக இருந்தன. பக்கத்திலேயே கண்காணிப்பாளரின் கையெழுத்து, அழகாக, சுழித்துச் சுழித்து. எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் போட வேண்டிய கையெழுத்து அது. பெயர்தான் கண்காணிப்பாளர், கண் எங்கே போயிருந்ததோ! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மூன்று பேரும் உள்ளே ஓடினோம். விடைத்தாள் கட்டுகளுக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. தேர்வு அதிகாரியிடம் வக்கீல் கால் மணி நேரம் வாதாடினான். அவர் கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "படிச்சுப் பார்த்துட்டுத்தானேம்மா எழுதியிருக்கணும்" என்றார். கடிந்துகூடப் பேசவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

வெளியே வந்து அக்கா போனை ஆன் செய்ததும் அவள் அம்மா கூப்பிட்டார். அவர் குரல் எனக்கும் கணீரென்று கேட்டது.

"எப்படிடி எழுதுன?"

"நல்லா எழுதியிருக்கேன்மா." அது பொய்யும் இல்லை.

"எனக்குத் தெரியும்! உன் போன் கிடைக்கலைன்னு லேப் மேடம் என்கிட்ட பேசுனாங்க. நாளைக்கு வேலைக்கு வருவாளான்னு கேட்டாங்க. இனிமே என் பொண்ணு எதுக்கு ஊசி குத்த வரா, டாக்டருக்குப் படிக்கப் போறா, வேற ஆள் பாத்துக்குங்கன்னு நறுக்குன்னு சொல்லிட்டேன்."

அக்கா விடைத்தாள் நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அம்மா, "இருக்கியா? கேக்குதா?" என்று கேட்டார்.

"கேக்குதும்மா" என்றாள். "ஆள் எடுக்கறதுக்குள்ள அவங்களைத் திரும்பக் கூப்பிடு. காலையில வந்துடுவேன்னு சொல்லு."